ஜெபத்தின் முதல் பாதி

சிங்கப்பூருக்கு எதிர்க்கரையில் இருக்கும் மாசாயில் கத்தோலிக்கத் தமிழர் வீட்டில் ஒரு சாவு விழுந்தால் முதல் ஃபோன் கோயில் ஃபாதருக்குப் போகும். இரண்டாவது ஃபோன் கென்னத்துக்கு. ஃபாதருக்கு நாலு இடம் இருக்கும், வரச் சற்று நேரமாகும். கென்னத் உடனே வந்துவிடுவான். முதலாளி ஹேமநாதனின் லாரியில், கானோபிப் பந்தலின் கம்பிகளுக்கும் பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கும் நடுவில் உட்கார்ந்து வந்து இறங்குவான். துக்க வீட்டாரிடம் ஒரு வார்த்தை பேசமாட்டான். வெயில் எந்தப் பக்கம் விழும், எதிர் வீட்டுக் கார் எப்படி வெளியே வரும் என்று பார்த்துத் தெருவில் பந்தலை நிறுத்திவிட்டுப் போவான். சாயங்காலம் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, மோட்டார் சைக்கிளில் அம்மா இன்பராணியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மறுபடி வருவான். மைக்கைப் பிடித்து ஜெபமாலை சொல்வான். அவன் சொன்னால் அதில் ஒரு சொல் தவறாது.

இப்படி ஒருவன் ஊருக்குத் தேவைதான். ஆனால் தேவைப்படுவது வேறு, ஒட்டும் உறவுமாக இருப்பது வேறு. கல்யாண வீட்டுக்கும் அதே கென்னத்தான் கானோபி கட்டுகிறான். அங்கே அவனைப் பார்த்து, “இருந்து சாப்பிட்டுட்டுப் போப்பா” என்று ஒருவரும் சொல்வதில்லை. சொன்னாலும் அவன் இருக்கமாட்டான் என்பது உண்மைதான். அதற்காகச் சொல்லாமலே விட்டுவிடுவதா? இழவு வீட்டில் முகம் காட்டுகிறவனை மங்கல வீட்டில் பார்க்க யாருக்கும் பிடிக்கவில்லை, அவ்வளவுதான் விஷயம். முப்பத்தெட்டு வயதில், தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுத் தோளில் கைபோட ஒரு சிநேகிதன் இல்லாமல் இருந்தான் கென்னத். தோளில் கைபோட்டால் அவனுக்கு ஆகாது என்பது இன்னொரு சங்கடம்.

அவன் பிறந்தது பாலோ பக்கத்தில் ஓர் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில். அப்பா அங்கே டிராக்டர் ஓட்டினார். பிள்ளை நாலு வயது வரை வாயைத் திறக்கவில்லை. திறந்த அன்று முழு வாக்கியமாகப் பேசினான். மின்விசிறி சத்தம் போடுகிறது, அதை அணைக்க வேண்டும் என்றான். அதற்குள் தோட்டத்து ஜனங்கள் தங்களுக்குத் தெரிந்த வைத்தியமெல்லாம் சொல்லி ஓய்ந்திருந்தார்கள். ஒருத்தி பயந்திருக்கிறான் என்றாள், ஒருத்தி நாக்கு தடித்திருக்கிறது என்றாள். கோயிலில் ஃபாதர் தீர்த்தம் தெளித்தார். தெளித்த தண்ணீர் முகத்தில் பட்டதும் பையன் கத்திய கத்தலில் பூசை பாதியில் நின்றது.

வீடுகளில் ஜெபக்கூட்டம் நடக்கும்போது எல்லாரும் செருப்பை வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போவார்கள் அல்லவா? கென்னத் உள்ளே போகமாட்டான். அந்தச் செருப்புகளையெல்லாம் அளவுவாரியாக வரிசை வைப்பான். ஜோடி ஜோடியாக வைத்திருந்தால் யாரும் மெச்சியிருப்பார்கள். அவன் இடது காலெல்லாம் ஒரு வரிசை, வலது காலெல்லாம் ஒரு வரிசை என்று வைப்பான். கூட்டம் முடிந்து வெளியே வந்தவர்கள் செருப்புத் தேடிக் கால்மணி நேரம் தடுமாறுவார்கள். இன்பராணி மன்னிப்புக் கேட்டுக்கொண்டே ஒவ்வொருவர் காலடியிலும் குனிந்து எடுத்துக் கொடுப்பாள். ஆனாலும் மறுவாரம் பிள்ளையைக் கூட்டிக்கொண்டுதான் வருவாள்.

அப்பா லாரி விபத்தில் போய்ச் சேர்ந்த பிறகு இன்பராணி கென்னத்தையும், அவனுக்கு இளையவள் ஷரோனையும் கூட்டிக்கொண்டு மாசாய்க்கு வந்தாள். பாசிர் கூடாங் தொழிற்சாலை ஒன்றில் அவளுக்கு வேலை கிடைத்தது. கென்னத்தைச் சேர்த்த பள்ளியில் ஆசிரியர்கள் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள். பையன் பிடிவாதக்காரன், பேசும்போது முகத்தைப் பார்ப்பதில்லை, திமிர். “கண்ணப் பாத்துப் பேசுடா” என்று சொல்லிச் சொல்லி அடித்தார்கள். கண்ணைப் பார்த்தால் அவனுக்குச் சொல்வது காதில் ஏறாது. காதில் ஏற வேண்டுமென்றால் கண்ணைப் பார்க்கக்கூடாது. இதை எடுத்துச் சொல்லும் அளவுக்கு அவனிடம் பேச்சு இல்லை. சாப்பாட்டு நேரத்தில் கேன்டீன் இரைச்சல் தாங்காமல் பூப்பந்து மண்டபத்துக்குப் பின்னால் போய்த் தனியாக உட்கார்ந்து ரொட்டியைத் தின்பான். ஷரோன் அதே பள்ளியில் படித்தாள். அண்ணன் எங்கே இருக்கிறான் என்று அவளுக்குத் தெரியும். அந்தப் பக்கம் போகமாட்டாள்.

அம்மாதான் ஒரு வழி கண்டுபிடித்தாள். ஞானோபதேச வகுப்பில் கேள்வி கேட்டுப் பதில் சொல்ல வைப்பார்களே, அந்தப் பாடம் மட்டும் அவனுக்குக் கல்லில் வெட்டியதுபோல் நின்றது. அதைப் பார்த்த இன்பராணி, உலகத்தையே கேள்வி பதிலாக மாற்றினாள். வேலைவிட்டு வந்து, காய் நறுக்கிக்கொண்டே கேட்பாள்.

“வீட்டுக்கு யாராச்சும் வந்தா என்ன சொல்லணும்?”

“வாங்க, உக்காருங்க.”

“சாப்பிட்டாச்சு, கெளம்புறோம். என்ன சொல்லணும்?”

“சாப்பாடு நல்லா இருந்துச்சு ஆண்டி. போயிட்டு வரேன்.”

இப்படி ஊர்ப்பட்ட கேள்விகள், ஊர்ப்பட்ட பதில்கள். அவற்றை வைத்துக்கொண்டு கென்னத் ஓரளவு தலைநிமிர்ந்து நடமாடினான். பிரச்சினை என்னவென்றால், உலகம் அம்மாவைப் போல ஒழுங்காகக் கேள்வி கேட்பதில்லை.

பத்தொன்பது வயதில் அவனுக்கு அது நன்றாகவே தெரியவந்தது. அவர்கள் தெருவிலேயே ஒருவர் மாரடைப்பில் போய்விட்டார். அம்மாவோடு கென்னத்தும் துக்கத்துக்குப் போனான். ஜெபம் முடிந்து எல்லாரும் எழுந்தபோது, அவன் நேராகப் போய், பெட்டிக்குப் பக்கத்தில் விழுந்து கிடந்த அந்த விதவையின் முன்னால் நின்றான். படித்த பாடத்தைத் தெளிவாக, எல்லாருக்கும் கேட்கும்படி ஒப்பித்தான்.

“பிஸ்கட் நல்லா இருந்துச்சு ஆண்டி. போயிட்டு வரேன்.”

நம் ஜனங்கள் இழவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பமாட்டார்கள். போய்வருகிறேன் என்றால், திரும்ப வரும்படி இன்னொரு சாவு அந்த வீட்டில் விழட்டும் என்று ஆகிவிடும். இந்துவோ கிறிஸ்துவரோ, இந்த ஒரு விஷயத்தில் யாரும் பிசகமாட்டார்கள். பின்னாலிருந்து ஒருவர், “திரும்பி வர்றதுக்கு யாருடா சாவணும்?” என்று கேட்டார். அம்மாவின் அண்ணன் வாலண்டைன் மாமா எழுந்து வந்து அவன் பிடரியில் ஓங்கி ஒன்று வைத்தார். வாலண்டைன் மாமா கெட்டவர் அல்ல. பத்துப் பேர் என்ன சொல்வார்கள் என்பதைத் தவிர வேறு எந்தக் கவலையும் இல்லாத மனிதர்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா திட்டவில்லை. காயை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“செத்த வீட்டுலேருந்து கெளம்புறோம். என்ன சொல்லணும்?”

“தெரியாது.”

“ஒன்னும் சொல்லக்கூடாது. பேசாம எழுந்து வந்துடணும்.”

“இது நல்லாருக்கும்மா,” என்றான்.

உண்மையாகவே அது அவனுக்குப் பிடித்துப்போயிற்று. அதன் பிறகு அம்மா எந்தத் துக்கத்துக்குப் போனாலும் கூடப் போனான். அங்கே யாரும் திடீரென்று சிரிப்பதில்லை. வேலை என்னவாயிற்று, கல்யாணம் எப்போது என்று குடைவதில்லை. குரல் தாழ்ந்திருக்கும். எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பேசவில்லையே என்று யாரும் யாரையும் குறை சொல்வதில்லை. ஊர் மொத்தமும் கொஞ்ச நேரத்துக்குக் கென்னத்தைப் போலவே ஆகிவிடும். ஊருக்கு அது துக்கம். அவனுக்கு அது ஆறுதலாக இருந்தது.

வேலை விஷயத்தில் இடறிக்கொண்டேதான் இருந்தான். மின்னணுத் தொழிற்சாலையில் இயந்திரத்தோடு அவனுக்கு ஒரு தகராறும் இல்லை. தேநீர் இடைவேளைதான் அவனைக் கவிழ்த்தது. எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து ஒருவரையொருவர் கிண்டல் செய்யும்போது இவன் இயந்திரத்தை விட்டு எழுந்திருக்க மறுத்தான். ஒருநாள் சூப்பர்வைசர் கையைப் பிடித்து இழுக்க, இவன் தட்டிவிட, அத்தோடு சரி. கார் கழுவும் கடையில் சில மாதம். பிறகுதான் ஹேமநாதன் அகப்பட்டார். கானோபியும் நாற்காலியும் வாடகைக்கு விடும் அவருக்கு, பேசாமல் வேலை செய்கிற ஆள் வேண்டியிருந்தது. ஏற்கெனவே வைத்திருந்தவர்கள் பேசிப் பேசியே அவர் உயிரை வாங்கியிருந்தார்கள். கென்னத்தைத் தொடக்கூடாது, பின்னாலிருந்து கூப்பிடக்கூடாது என்று ஒரே வாரத்தில் அவருக்குப் புரிந்துவிட்டது. யாரும் சொல்லித் தரவில்லை. கவனித்துப் பார்க்கிற மனிதர்.

ஜெபம் சொல்ல வந்தது தற்செயலாகத்தான். ஒரு துக்க வீட்டில் ஜெபக்குழுத் தலைவர் பாசிர் கூடாங் நெடுஞ்சாலை நெரிசலில் மாட்டிக்கொண்டார். கூட்டம் கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கியது. நாற்காலிகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த மகனைப் பார்த்து இன்பராணி, “கென்னத், நீ சொல்லுய்யா,” என்றாள். அவன் மைக்கை வாங்கிக்கொண்டான். பெட்டியைப் பார்த்து நின்றால் போதும், யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. அவன் முதல் பாதியைச் சொன்னான். கூட்டம் இரண்டாம் பாதியைச் சொன்னது. அவன் மறுபடி சொன்னான், கூட்டம் மறுபடி சொன்னது. வாழ்க்கையில் முதல்முறையாக அவன் ஒன்று சொல்ல, எதிரில் இருப்பவர்கள் அவன் எதிர்பார்த்த பதிலையே சொன்னார்கள். அதுவும் ஒருவர் இருவரல்ல, ஒரு பந்தல் நிறைய. ஜெபம் முடிந்தபோது அவனுக்கு நிறுத்த மனமில்லை.

தனியாக இருப்பதுதான் அவனுக்குப் பிடிக்கும் என்று ஊரே முடிவுகட்டியிருந்தது. அப்படி நினைத்துக்கொள்வது ஊருக்கு வசதி. அவனுக்குத் தனிமை பிடிக்காது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் ஆட்கள் சிலர் எதிரிலிருக்கும் தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், ஊர் வழக்கில் மாமாக் கடையில், உட்கார்ந்து ரொட்டி சானாய் சாப்பிடுவார்கள். கென்னத் பக்கத்து மேசையில் உட்காருவான். பந்தாட்டம், சிங்கப்பூர்ப் பாலத்து நெரிசல், யாருடைய மகனுக்கு எங்கே வேலை என்று அவர்கள் பேசுவதை ஒன்றுவிடாமல் கேட்பான். சொல்வதற்கென்று ஒரு வாக்கியத்தை மனத்துக்குள் தயார் செய்வான். அது தயாராவதற்குள் பேச்சு வேறு எங்கோ போயிருக்கும். ஒருமுறை அவர்களில் ஒருவர் திரும்பி, “கென்னத்,” என்று கூப்பிட்டார். அவன் தயாராக வைத்திருந்த வாக்கியத்தோடு நிமிர்ந்தான். “அந்த நாற்காலியில யாரும் இல்லல்ல?” என்று கேட்டு, அவனுக்கு எதிரில் காலியாக இருந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு தங்கள் மேசைக்குப் போனார். அதற்கு அடுத்த ஞாயிறும் அவன் அங்கேதான் உட்கார்ந்தான்.

முப்பத்தொரு வயதில் அவனுக்கு இருப்பதன் பெயர் ஆட்டிசம் என்று தெரிந்தது. ஷரோன் அப்போது சிங்கப்பூரில் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். அங்கே ஒரு சின்னப் பையன் செருப்புகளைப் பிரித்து வரிசை வைப்பதைப் பார்த்துவிட்டு, அன்று மாலையே கெலாங் பாத்தாவிலிருந்த புருஷன் வீட்டுக்குப் போகாமல் நேராக மாசாய்க்கு வந்தாள். பிறகு ஆஸ்பத்திரி, காத்திருப்பு, பரீட்சை மாதிரி கேள்விகள். கடைசியில் இளவயது டாக்டர் ஒருவர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். இன்பராணி எல்லாம் கேட்டுவிட்டு, “இதுக்கு மருந்து இருக்கா டாக்டர்?” என்றாள். இல்லை என்றார். “அப்ப நோயில்ல,” என்று முடித்துக்கொண்டாள். கென்னத் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்.

“கண்ணப் பாத்துத்தான் பேசணும்னு இல்லையா?”

“உங்களுக்குக் கஷ்டமா இருந்தா வேணாம்.”

அன்று வீட்டுக்கு வந்து இன்பராணி அழுதாள். அவன் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, என்னைப் பார்த்துப் பேசு என்று அவளும் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். கென்னத் அவளுக்கு எதிரில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, அவள் அழுது முடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை. மற்றபடி ஒன்றும் மாறவில்லை. பெயர் தெரிந்துவிட்டால் மாமாக் கடையில் இடம் போட்டுவிடுவார்களா என்ன?

கடைசி இரண்டு வருடம் இன்பராணிக்கு இருதயம் பலவீனமாகிவிட்டது. மாடிப்படி ஏற முடியாமல் கீழே ஹாலிலேயே படுத்துக்கொண்டாள். துக்க வீடுகளுக்குப் போவதை மட்டும் விடவில்லை. ஒருநாள் சாயங்காலம் கென்னத் அவளுக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தபோது சொன்னாள்.

“எனக்கு நீதான்யா ஜெபம் சொல்லணும். வேற யாரும் வேணாம்.”

“எப்ப?”

“நான் செத்தப்புறம்.”

“சரி,” என்றான் கென்னத். அவனுக்குப் பேச்சுக்குச் சரி என்று சொல்லத் தெரியாது. சொன்னால் செய்ய வேண்டும், அதற்கு வேறு அர்த்தமில்லை. இன்பராணிக்கும் அது தெரியும். அதனால்தான் அவனிடம் கேட்டாள்.

இரண்டாவது வருடம் மழைக்காலத்தில், ஆஸ்பத்திரியில், விடியற்காலையில் அவள் உயிர் பிரிந்தது. டாக்டர் வந்து சொன்னபோது கென்னத், “சரி, டாக்டர்,” என்றான். ஹேமநாதனுக்கு ஃபோன் செய்து தங்கள் வீட்டுக்குக் கானோபி வேண்டுமென்று சொன்னான். பெட்டி வீட்டுக்கு வருவதற்குள் தானே பந்தலை நிறுத்தினான். நாற்காலிகளைப் போட்டுக்கொண்டிருந்தபோது வாலண்டைன் மாமா வந்து சேர்ந்தார்.

இழவு வீட்டில் இரண்டு கூட்டம் உண்டு. ஒன்று உட்கார்ந்திருக்கும், இன்னொன்று வேலை பார்க்கும். இறந்தவரின் ரத்த சொந்தம் பெட்டி ஓரத்தில் உட்கார வேண்டும். அடுப்பு மூட்டக்கூடாது, நாற்காலி தூக்கக்கூடாது. அதெல்லாம் அக்கம்பக்கத்தார் பாடு. துக்கத்தில் இருப்பவர்கள் அலையக்கூடாது என்று யாரோ நல்ல மனத்தோடு ஏற்படுத்திய வழக்கம்தான். ஆனால் கென்னத் இத்தனை வருடமும் வேலை பார்க்கும் கூட்டத்தில் இருந்தவன். உட்கார்ந்திருக்கும் கூட்டத்துக்கு ஒருநாள் தானும் போக வேண்டியிருக்கும் என்று அவனுக்குத் தோன்றியதே இல்லை.

“டேய், நீ மவன்டா. வேலக்காரன் மாரி சுத்துனா பாக்குறவன் என்ன சொல்வான்? போயி அம்மா பக்கத்துல உக்காரு,” என்றார் மாமா.

“நான் ஜெபம் சொல்லணும் மாமா.”

“செத்தவங்க புள்ள எங்கயாச்சும் ஜெபம் சொல்றத பாத்துருக்கியா? அழுவுற வேலதான் உன் வேல. உக்காருடா.”

உட்கார்ந்தான். வந்தவர்கள் ஒவ்வொருவராகக் குனிந்து அவன் கையைப் பிடித்தார்கள். சிலர் இரண்டு கையாலும் பிடித்து நசுக்கினார்கள். சிலர் தலையைத் தடவினார்கள். பவுடர் வாசனை, தலை எண்ணெய் வாசனை, பெட்டிமேல் கிடந்த பூ வாசனை எல்லாம் ஒன்றாகக் கலந்து அவன் தொண்டைக்குள் இறங்கின. தொட்ட இடமெல்லாம் தணல் பட்டதுபோல் எரிந்தது. அம்மா முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டுமென்று அவனுக்கு ஆசை. பார்க்க முடியவில்லை, யாராவது ஒருவர் நடுவில் வந்துகொண்டே இருந்தார்கள். அவன் முன்னும் பின்னும் ஆட ஆரம்பித்தான். அந்த நேரம் பார்த்துப் பாலோவிலிருந்து வந்த ஓர் அத்தை, “அம்மா இல்லாம என்னய்யா செய்வே,” என்று ஓலமிட்டபடி அவன்மேல் விழுந்து கட்டிக்கொண்டாள். கென்னத் அவளைத் தள்ளிவிட்டான். அத்தை இரண்டு நாற்காலிகளோடு சேர்ந்து சாய்ந்தாள்.

அடி ஒன்றும் பலமில்லை. ஆனால் பெற்ற தாயின் பெட்டி முன்னால் ஒரு பெரியவளைத் தள்ளிவிட்டான் என்ற பேச்சு, அவள் எழுந்திருப்பதற்கு முன்பே தெருக்கோடிக்குப் போய்விட்டது. வாலண்டைன் மாமா அவனைச் சமையலறைக்கு அனுப்பினார். “வெளிய வராத. ஜெபத்த நான் பாத்துக்கிறேன்.” அன்று மாலை ஜெபத்தை மாமாவே புத்தகத்தைப் பார்த்துப் படித்தார். இரண்டு இடத்தில் பக்கம் மாறிப் போனார். கென்னத் சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அவன் அம்மாவிடம் சரி என்று சொன்னது அங்கே உடைந்துகொண்டிருந்தது. இன்னும் ஒரே ஒரு சாயங்காலம்தான் பாக்கி. அதற்கு மறுநாள் காலை அடக்கம்.

அடுத்த நாள் முழுவதும் கோப்பைகளைக் கழுவினான். சாயங்காலம் ஷரோன் தண்ணீர் குடிக்க உள்ளே வந்தாள். முகம் வீங்கியிருந்தது. கென்னத் குழாயைப் பார்த்தபடி சொன்னான்.

“அம்மாகிட்ட சரின்னு சொல்லிட்டேன்.”

அவளுக்கு விஷயம் தெரியும். அம்மா அவளிடமும் சொல்லியிருந்தாள். அன்று அவளுடைய மாமியார் வீட்டாரும் சிங்கப்பூரில் கூட வேலை செய்கிறவர்களும் வருகிறார்கள்.

“அண்ணா, நேத்து மாரி ஆயிடுச்சுன்னா?”

“ஆவலாம்,” என்றான் அவன் ஒளிக்காமல். “நான் அங்க வரல. மைக்க இங்க குடு. இங்கேருந்தே சொல்றேன்.”

ஷரோன் தம்ளரைக் கீழே வைத்தாள். பள்ளிக்கூடத்தில் பூப்பந்து மண்டபத்துப் பக்கம் போகாத பெண், இப்போது விறுவிறுவென்று பந்தலுக்குப் போனாள். அவள் சொன்னதைக் கேட்டதும் மாமா தலையில் அடித்துக்கொண்டார்.

“அடுப்படியிலேருந்து எவனாச்சும் ஜெபம் சொல்வானா? ஊரு சிரிக்கும்லா.”

“சிரிக்கட்டும் மாமா. அம்மா உங்கள கேக்கல. அவனத்தான் கேட்டாங்க.”

ஹேமநாதன் இதையெல்லாம் ஒலிபெருக்கிப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கம்பியில்லாத மைக்கை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு வந்தார். கென்னத்தின் கையில் கொடுக்காமல் மேசைமேல் வைத்தார். “பேட்டரி புதுசு,” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கென்னத் கையைத் துடைத்துக்கொண்டு மைக்கை எடுத்தான். சுவரைப் பார்த்து நின்றான். சிலுவை அடையாளம் போட்டு ஆரம்பித்தான். அவன் குரல் சமையலறையிலும், ஒரு நொடி தள்ளிப் பந்தலிலும் கேட்டது. கசமுசாவென்றிருந்த கூட்டம் அடங்கியது. எல்லாரும் சேர்ந்து சொல்லும் ஜெபங்கள் முடிந்தன. “அருள் நிறைந்த மரியே” என்று தொடங்கி முதல் பாதியைச் சொன்னான். பந்தல் முழுவதும் ஒரே குரலாக இரண்டாம் பாதியைச் சொல்லி, ஆமென் என்று நிறுத்தியது.

அடுத்ததை அவன் தொடங்கவில்லை.

கூட்டம் காத்திருந்தது. யாரோ இருமினார்கள். தூரத்தில் மோட்டார் சைக்கிள்கள் போயின. கென்னத் மைக்கை வாயருகில் வைத்தபடியே நின்றான். அவன் மறக்கவில்லை. இன்பராணிக்கு இருதயம் கெடுவதற்கு முன்பிருந்தே மூச்சிரைப்பு. எந்தத் துக்க வீட்டிலும் எல்லாரும் ஆமென் சொல்லி முடித்த பிறகும் அவளுக்குக் கொஞ்சம் பாக்கியிருக்கும். கடைசி வார்த்தைகளைத் தனியாக, மெதுவாகச் சொல்லி முடிப்பாள். அவள் ஆமென் சொல்வது காதில் விழுந்த பிறகுதான் கென்னத் அடுத்ததை எடுப்பான். இத்தனை வருடமும் ஒவ்வொரு வீட்டிலும், ஜெபமாலையின் ஒவ்வொரு மணிக்கும் அப்படித்தான். இன்றும் அதற்காகத்தான் நின்றான்.

வரவில்லை. டாக்டர் சொன்னபோது அவனுக்கு விளங்கவில்லை. பெட்டியைப் பார்த்தபோதும், பாலோ அத்தை ஓலமிட்டபோதும் விளங்கவில்லை. இப்போது, அடுப்பங்கரைச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தபோது விளங்கியது. அம்மா இனிமேல் பதில் சொல்லமாட்டாள். மேசையைப் பிடித்துக்கொண்டான்.

“மறந்துட்டான் போல. அந்தப் புத்தகத்த எடுங்க,” என்று வாலண்டைன் மாமாவின் குரல் கேட்டது. நாற்காலி நகரும் சத்தமும் கேட்டது.

கென்னத் அடுத்ததைத் தொடங்கினான். கூட்டம் பதில் சொன்னது. ஆமென் வாயிலிருந்து விழுந்ததும் விழாததுமாக அடுத்தது. அதற்கடுத்தது. எங்கேயும் நிறுத்தவில்லை, யாருக்காகவும் காத்திருக்கவில்லை. காத்திருந்தால் மறுபடி அந்த வெறுமையைக் கேட்க வேண்டியிருக்குமே என்று பயந்தான். ஜெபமாலையின் ஐந்து பத்து மணிகளும் முடிந்து, மன்றாட்டு முடிந்து, கடைசிச் சிலுவை அடையாளமும் போட்டாயிற்று. அம்மாவிடம் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டான். மைக்கை மேசைமேல் வைத்தான்.

பந்தலில் நாற்காலிகள் நகர்ந்தன. தேநீர் கொடுக்க ஆரம்பித்தார்கள். சன்னலுக்கு வெளியே வாலண்டைன் மாமா யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். அவர் குரலில் உண்மையான சந்தோஷம் இருந்தது.

“ஆரம்பத்துல கொஞ்சம் தடுமாறிட்டான், பரவால்ல. எப்பவும் இவன் ஒவ்வொன்னுக்கும் நடுவுல நிறுத்தி நிறுத்தி இழுப்பான், பாத்துருக்கீங்களா? இன்னைக்குத்தான் லா விடாம சொன்னான். இதே மாரி இனிமே எல்லா வீட்டுலயும் சொன்னான்னா போதும்.”